பாதி மலையில் பேண்டு வாத்தியம்

எங்கள் ஊர் பேண்டில் முப்பத்தோரு பேர். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலை உச்சிச் சிலுவையடியில் நடக்கும் திருப்பலிக்கு நாங்கள்தான் வாசிக்க வேண்டும். அந்த வருஷம், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, எங்கள் முதல் டிரம்பெட்காரர் செர்ரி பறிக்க ஏணியில் ஏறி, ஏணியோடு கீழே வந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. பேண்டை நடத்தும் காசியன் நேராக என் விடுதிச் சமையலறைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டார்.

"புர்கி, நான் செத்தேன். முதல் டிரம்பெட் இல்லாம பூசைக்கு வாசிச்சா, பல்லு போன வாயில பாட்டு பாடற மாதிரி இருக்கும்."

அந்த நேரம் பார்த்து என் விருந்தாளி வீப்கே, சேறு அப்பிய பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வடகடல் ஓரத்து ஊர்க்காரி, ஐம்பத்தெட்டு வயது. கடல் உள்ளே வராமல் தடுக்கும் மண்கரையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் ஊரில் ஆக உயரமான இடமே அந்தக் கரைதான், எட்டு மீட்டர். எங்கள் மலையைக் கண்டதும் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. காலையில் கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறும் நாற்காலி லிஃப்டில் உச்சிக்குப் போவாள், மேய்ச்சல் வெளி வழியாக மூன்று மணி நேரம் நடந்து இறங்குவாள், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் லிஃப்டில் ஏறுவாள். லிஃப்டின் கீழ் நிலையத்தில் வேலை பார்க்கும் ரோமெட், "அக்கா, ஒரு நாற்காலியில உங்க பேரையே எழுதிடறேன்" என்று கேலி செய்வான்.

"டிரம்பெட்டா? நான் வாசிப்பேனே," என்றாள் வீப்கே. "எங்க ஊர் தீயணைப்பு பேண்டுல இருபது வருஷமா வாசிக்கறேன்."

காசியன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நோட் பாத்து வாசிப்பீங்களா, இல்ல சும்மா காதுல கேட்டதையா?"

"பாத்தும் வாசிப்பேன், பாக்காமலும் வாசிப்பேன். உங்களுக்கு எது வேணும்?"

சனிக்கிழமை ஒத்திகையில் இரண்டு பாட்டு முடிவதற்குள் காசியனின் முகம் தெளிந்துவிட்டது. என் தங்கையின் பேண்டு உடையை ஓரம் பிரித்து நீட்டி வீப்கேவுக்குக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் அவள் திரும்பித் திரும்பி நின்றதைப் பார்த்தால் கல்யாணப் பெண் தோற்றாள்.

ஆனால் சனிக்கிழமை இரவு மழையில் உச்சிக்குப் போகும் காட்டுப்பாதை சரிந்து அடைபட்டது. அதில்தான் சிக்கல். காசியன் இருபத்துநான்கு வருஷமாகப் பேண்டை நடத்துகிறார். ஒரு தடவைகூட லிஃப்டில் உட்கார்ந்ததில்லை. "மேல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு முன்னாடியே பாக்கணும்" என்று சொல்லி, விடியும்போதே டிராக்டரில் அந்தப் பாதை வழியாகப் போய்விடுவார். அவருக்கு உயரம் என்றால் உதறல் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

ஞாயிறு காலை லிஃப்ட் நிலையத்தில் ரோமெட் தொப்பியைக் கழற்றி வணங்கினான். "வாங்கண்ணே, வாங்க! லிஃப்ட் போட்ட நாள்லேர்ந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு."

"வாயை மூடிக்கிட்டு நாற்காலியைப் புடிடா!"

வீப்கே அவர் முழங்கையைப் பற்றினாள். "என்கூட உக்காருங்க."

ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். பெரிய டிரம் முதலில் போனது. அதற்கு ஐந்தாறு நாற்காலி தள்ளி அவர்கள். அடுத்ததில் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு நான். எனக்குப் பின்னால் பெரிய பித்தளைக் குழல்களைக் கட்டிக்கொண்டு டியூபாக்காரர்கள். மற்றவர்கள் கீழே ஊர்க் கூரைகள் வரைக்கும் வரிசையாக.

"ஆயிரம் மீட்டர் தாண்டிட்டோமா?" என்று வீப்கே கேட்டது என் காதில் விழுந்தது.

"தாண்டியாச்சு," என்றார் காசியன். கண் இறுக மூடியிருந்தது.

"அப்ப இனிமே 'நீங்க' கிடையாது. ஆயிரத்துக்கு மேல எல்லாரும் 'நீ'தானாமே உங்க ஊர்ல? நான் வீப்கே."

"சரி வீப்கே. நீ ஆடாம உக்காரு."

ஓடைப் பள்ளத்துக்கு நேர் மேலே போனதும் லிஃப்ட் நின்றது. நாற்காலிகள் முன்னும் பின்னும் ஊசலாடின. மேலேயிருந்து சேதி ஒவ்வொரு நாற்காலியாக இறங்கி வந்தது. "பெரிய டிரம் எறங்கற எடத்துல மாட்டிக்கிச்சாம்!" அது கடைசி நாற்காலிக்குப் போய்ச் சேரும்போது "பெரியவர் போய்ட்டாராம்!" என்று ஆகி, அங்கே இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்களாம்.

காசியன் தடுப்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நான் எறங்கணும். இப்பவே எறங்கணும்."

"எங்க எறங்குவ? கீழ பாரு... இல்ல, வேண்டாம், பாக்காத." வீப்கே டிரம்பெட்டை எடுத்தாள். "மணி பதினொண்ணாகப் போவுது. மேல ஜனம் காத்திருக்கு. இங்கேருந்தே வாசிப்போம். ஒரு கையை மட்டும் தூக்கு."

"கம்பியை விட மாட்டேன்!"

"உன் பெல்ட்டு என் கையில. மூணு விரல் போதும் எனக்கு வாசிக்க. கடலையே புடிச்சு நிறுத்தறவ, உன்னையா விட்டுடுவேன்?"

காசியனின் வலக்கை மெல்ல மேலே போனது. பிறகு கீழே வெட்டியது. வீப்கேயின் டிரம்பெட் பள்ளத்தாக்கு முழுவதும் அதிர ஆரம்பித்தது. நானும் ஊதினேன். எல்லோரும் ஊதினார்கள். ஆனால் கடைசி நாற்காலியின் சத்தம் எங்களிடம் ஏறிவருவதற்குள் நாங்கள் அடுத்த அடிக்குப் போயிருந்தோம். டியூபாக்கள் வேறு தாளத்தை இழுத்துக்கொண்டே போனார்கள்.

காசியனின் கழுத்து சிவந்தது. படக்கென்று உடம்போடு திரும்பினார். "டேய்! டியூபா வாசிக்கறீங்களா, மாட்டை ஓட்டிக்கிட்டு வரீங்களா? இழுக்காதீங்கடா!"

கண்கள் திறந்திருந்தன. வெயிலில் மின்னும் பித்தளையும் இறகு வைத்த தொப்பிகளுமாய், அவருடைய மொத்தப் பேண்டும் மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வாய் பிளந்தது.

"வீப்கே, எல்லாரும் அந்தரத்துல தொங்கறாங்க."

"நாமளுந்தான்."

காசியன் சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

மேலே 'டம்' என்று ஓர் அடி விழுந்தது. டிரம் விடுபட்டுவிட்டது! டிரம்காரன் நின்ற இடத்திலேயே தாளம் போட, எங்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது. லிஃப்ட் வெட்டி இழுத்துக் கிளம்பியது; நாங்கள் நிறுத்தவில்லை. பாதையில் போன மலையேறிகள் ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினார்கள். மாடுகள் மேய்ச்சலை விட்டுக் கழுத்துமணி குலுங்க வேலியோரமாக எங்களோடு ஓடிவந்தன. உச்சியில் ஒவ்வொரு ஜோடியாக வாசித்துக்கொண்டே குதித்தோம். டியூபாக்கள் மட்டும் புல்லில் உருண்டார்கள். பூசை உடுப்பு காற்றில் படபடக்க ஃபாதர் ஓடிவந்தார்.

"நான் பூசையை ஆரம்பிக்கவா, இல்ல கைதட்டவா?"

இரண்டையும் செய்தார்.

பூசை முடிந்து, சூப்பும் பீரும் ஆனபின் பாதிப் பேர் நடந்து இறங்கினார்கள். காசியன் லிஃப்டில்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்தார். ஏறும்போது கண்ணெதிரே மலை இருக்கும். இறங்கும்போது வெறும் ஆகாயம்தான். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. முன் நாற்காலியில் வீப்கே காலை ஆட்டிக்கொண்டு, இன்னும் நாலு நாள் தங்க அறை இருக்கிறதா என்று என்னிடம் கத்திக் கேட்டாள். என் பக்கத்தில் காசியன், கண்ணை மூடாமல், என் வலக்கையைக் கீழே வரும்வரை நெரித்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் ஊர்ப் பந்தலில் வாசித்தபோது என் விரல்கள் மரத்துப்போய் இரண்டு இடத்தில் தப்பாக ஊதினேன். காசியன் பாட்டையே நிறுத்தி, ஊர் முழுக்கப் பார்க்க என்னைத் திட்டினார்.