ஒரே ஒரு காலியிடம்

அவள் நேர்முகத்துக்காகக் காத்திருந்த அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது தன் கணவன்தான் என்று அவளுக்கு உடனே உறைக்கவில்லை. நெட்டையாக ஒரு ஆள், கறுப்புக் கோட்டு, கக்கத்தில் கோப்பு. இன்னும் ஒரு போட்டியாளன் என்றுதான் கண் முதலில் சொன்னது. அடுத்தபடியாக, அந்தக் கோட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. கல்யாண வரவேற்புக்கு எடுத்த கோட்டு. அலமாரியின் அடித்தட்டில் பழைய விரிப்புகளுக்குக் கீழே கிடந்தது. இது இங்கே எப்படி வந்தது என்று யோசித்தபடியே கோட்டுக்கு மேலே பார்த்தாள். அவள் வீட்டு முகம் இருந்தது.

காலையில் சீருடை போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு வண்டி லேட்டாத்தான் வருது, நான் வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டுப் போனவன். விமானங்களை அவன் வண்டி என்றுதான் சொல்வான். அவளும் ஒன்றும் உத்தமி இல்லை. ஒர்க்ஷாப்புக்குப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், அதனால்தான் இந்த நல்ல உடை என்று வாசலில் நின்று அளந்துவிட்டு வந்தவள்தான். இப்போது இருவரும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். கத்தவும் முடியாது, கேட்கவும் முடியாது.

காலியாக இருந்தது அவளுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும். அலுவலக உதவியாளர் அதைத்தான் அவனுக்குக் காட்டினார்.

"நீ எங்க இங்க?" என்றான் உதட்டை அசைக்காமல்.

"அதை நான்ல கேக்கணும்?"

உதவியாளர் திரும்பிப் பார்த்தார். "இங்க பேசக் கூடாதுங்க. நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே தெரிஞ்சவங்களா?"

"இல்ல" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. விமானப் பாதுகாப்பு ஆய்வாளர் வேலை. ஒரே ஒரு காலியிடம். ஊரெல்லாம் விமானம் பராமரிக்கிறவர்களிடம் போய், நீ உண்மை சொல்கிறாயா என்று கேட்கிற உத்தியோகம். அதற்கு வந்த இடத்தில் புருஷனைத் தெரியாது என்று சொல்லியாயிற்று.

அவள் மறைத்ததற்குக் காரணம் உண்டு. போன முறை இதே வேலைக்கு எழுதி, நேர்முகம் வரை வந்து, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனபோது அக்கா அதை உறவு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். துக்கம் விசாரிப்பதுபோல ஆள் மாற்றி ஆள் போன் செய்தார்கள். "விடும்மா, பொம்பளைக்கு எதுக்கு அந்த அலைச்சல்" என்று மாமியார் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவள் படாத பாடுபட்டாள். அதனால் இம்முறை யாருக்கும் மூச்சு விடவில்லை. விண்ணப்பத்தில் அம்மா வீட்டு முகவரியைக் கொடுத்தாள். விமானச் சக்கரங்களும் பிரேக்குகளும் பழுது பார்க்கிற ஒர்க்ஷாப்பில், சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் சீட்டாடும்போது மூலையில் உட்கார்ந்து விதிமுறைகளைப் படித்தாள்.

ஆனால் அவனுக்கு என்ன வந்தது? அரசாங்க வேலையா, அது நாற்காலி தேய்க்கிற வேலை என்பான். ஓடுதளத்துக்குப் பக்கத்தில், வெயிலிலும் இரைச்சலிலும் நின்று, பறக்கப்போகிற விமானத்தைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை என்பான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரெட்டைப்பூட்டு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். சினிமாவுக்குப் பாதி வழி போய்விட்டு அடுப்பை அணைத்தோமா என்று கேட்பான். அந்த மனுஷன் இவளிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்வான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

உதவியாளர் அவள் எண்ணைக் கூப்பிட்டார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், வழுக்கையும் மென்மையான குரலுமாக. ஒரு பக்கம், பேசாமல் குறித்துக்கொண்டே இருந்த கண்ணாடிக்காரர். மறுபக்கம் நரைத்த தலையோடு ஒரு அம்மாள்; அவரும் ஒரு காலத்தில் ஆய்வாளராக இருந்தவராம். முதல் கேள்விகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிரேக் தேய்மானம், டயர் மாற்றும் முறை, ஒரு நிறுவனம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் என்ன செய்வது. வெளியே கண்டதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு அவள் பதில் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் நிமிர்ந்தது. இது நமக்கான இடம்தான் என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது.

"இப்ப ஒரு சம்பவம் சொல்றேன்" என்றார் தலைவர். "நடந்தது. எங்களுக்கு வந்த காகிதத்துல பேர் இல்ல. ஒரு இன்ஜினியர். அனுபவம் உள்ளவர். ஷிப்ட் முடியற நேரம், கிளம்பப்போற விமானத்துக்கு ரெண்டு இன்ஜின்லயும் ஆயில் நிரப்பறார். கையெழுத்துப் போடறார். வீட்டுக்குப் போயிடறார். வீட்ல உட்கார்ந்திருக்கும்போது ஒரு சந்தேகம், ரெண்டாவது இன்ஜின் ஆயில் மூடியைப் பூட்டினோமான்னு. போன் பண்ணி விமானத்தை நிறுத்தச் சொல்றார். ஜனங்க எல்லாம் ஏறி உட்கார்ந்தாச்சு. திறந்து பார்த்தா, மூடி வெச்சிருக்கு, ஆனா பூட்டல. மேலே போயிருந்தா ஆயில் முழுக்க வெளியே வந்திருக்கும். நீங்க ஆய்வாளர். அவரை என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். தானாக வந்து சொன்னவனைத் தண்டித்தால் நாளைக்கு எவனும் சொல்ல மாட்டான். ஆனால் போன முறை, 'இளகின மனசு' என்று தன்னைப் பற்றித் தேர்வுக் குழுவில் யாரோ எழுதியதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அது முள்ளாக உள்ளேயே கிடந்தது.

"கையெழுத்துப் போட்டது அவர்தானே சார்" என்றாள். "பார்த்துட்டுப் போட்டாரா, பழக்கத்துல போட்டாரா? பழக்கத்துல போட்டிருந்தா, இதுக்கு முன்னாடி போட்டதெல்லாம்? சந்தேகம் வந்தது அவர் அதிர்ஷ்டம், பயணிகளோட அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி லைசென்ஸ் கொடுக்க முடியாது. நிறுத்தி வைக்கணும். திரும்பப் பயிற்சி, திரும்பப் பரீட்சை. அதுல தேறினாத்தான் மேல யோசிக்கணும்."

கண்ணாடிக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை அவள் தலைக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது.

"மறதி இருக்கிற ஆள் வீட்லயே இருக்கட்டும் சார். வீட்ல மறந்தா பால்தான் பொங்கும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். தலைவர் சிரித்து முடித்து, "பாவம், இப்ப அப்படித்தான் இருக்கார். கம்பெனி அனுப்பிடுச்சு" என்றார்.

நரைத்த அம்மாளின் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றது. "அந்த விமானி எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன். அதுல ஒண்ணு மனசை விட்டே போகலை. போன் பண்ணினதோட நிக்காம அந்த மனுஷன் அங்கேயே ஓடி வந்திருக்கார். செருப்புகூட ஒண்ணுக்கொண்ணு ஜோடி இல்லையாம். கையில ஒரு ஜாம் பாட்டில் மூடியைப் பிடிச்சிட்டு நின்னாராம். ஏன்னு யாருக்கும் தெரியல."

அவளுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு ரொட்டியில் தடவ ஜாம் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். மகள் எடுத்ததும் மூடப் போனவன், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "அப்பா, மூடுங்க, எறும்பு வரும்" என்றாள் மகள். அவன் பதில் சொல்லாமல் பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் செய்தான், படிக்கட்டில் தடதடவென்று இறங்கினான். மாலையில் வந்து, "ஒண்ணுமில்ல, வேற ஷிப்ட்ல ஒரு குழப்பம்" என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். அவள் கவலையெல்லாம் அன்றைக்கு மூடி எங்கே என்பதுதான். அடுப்படியில், சோபாவுக்கு அடியில், குப்பைக் கூடையில்கூடத் தேடினாள். பாட்டிலை எறும்பு மொய்த்துத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. "ஒரு மூடியைப் பத்திரமா வைக்கத் தெரியாத ஆளுக்கு விமானத்தை எவன் நம்பிக் கொடுக்கிறான்?" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் அதற்குச் சிரித்த சிரிப்பின் அர்த்தம் இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம் திடீரென்று மிகப் பெரிதாகக் கேட்டது. தன் கைகள் மேசையின் விளிம்பைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் சீருடை போட்டுக்கொண்டு போகிறானே. எங்கே போகிறான்?

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவது?" என்றார் நரைத்த அம்மாள்.

சும்மா இருந்துவிடலாம். அவர்களுக்குத் தெரியாது. நன்றி சொல்லி எழுந்துவிட்டால் இந்த வேலை ஏறக்குறைய அவளுடையது. அதை அந்த அறையின் காற்றே சொல்லிற்று.

"இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். "அவர் யாருன்னு எனக்குத் தெரியும்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "நிச்சயமா?"

"அந்த மூடியை நான் வீடு பூராத் தேடியிருக்கேன் சார்."

நரைத்த அம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வெளியில உட்கார்ந்திருக்கார். அடுத்தது அவர்தான்னு நினைக்கிறேன். அவர் மனு போட்டதே இங்க வந்துதான் எனக்குத் தெரியும். தெரிஞ்சவங்களான்னு உங்க ஆள் கேட்டதுக்கு இல்லன்னு வேற சொல்லிட்டோம்."

தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "பதிலை மாத்திக்கறீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் மனசுக்குள் அவள் அந்த இன்னொரு மூடியைப் பார்த்தாள், இன்ஜினின் மேல் பூட்டாமல் உட்கார்ந்திருந்த மூடியை. சக்கரம் பழுது பார்க்கிறவள். மேலே போனால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இல்ல சார். பதில் அதேதான். அதைச் சொல்ற ஆள் நானா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசியா சொன்ன அந்தப் பால் பொங்கறது, அதை மட்டும் எடுத்துடுங்க."

வெளியே வந்தபோது அவன் எழுந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. ஏதோ கேட்கப் போனான். அதற்குள் உதவியாளர் கூப்பிட்டுவிட்டார். கோட்டின் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தான். அதைச் சரி செய்யக்கூட அவள் கை எழவில்லை.

அவன் உள்ளே போன நேரம் நீண்டுகொண்டே போனது. காத்திருந்தவர்கள் எல்லோரும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒருமுறை உள்ளே யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. கடைசியில் கதவு திறந்தது. அவன் யாரையும் பார்க்காமல் நேராகப் படிக்கட்டை நோக்கி நடந்தான். அவள் பின்னால் போனாள்.

தெருமுனை பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். கேட்க வேண்டியது அவளிடம் மலை போல இருந்தது. கடைசியில் வாயில் வந்தது வேறு.

"நான் கட்டிக் குடுத்த சாப்பாட்டையெல்லாம் எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

அவன் எதிர்பார்க்கவில்லை. "லைப்ரரிக்குப் போவேன், படிக்க. அங்க சாப்பிட விட மாட்டாங்க. அதனால பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். அங்க ஒரு மரம் இருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன். ஏதாவது ஒரு வேலை கையில வந்ததும் சொல்லலாம்னு." நிறுத்தினான். "நீ அன்னைக்கு மூடியைத் தேடிட்டிருந்தே. என் பாக்கெட்லதான் இருந்துது. எடுத்துக் குடுத்தா எல்லாம் சொல்லணும்."

வெயில் ஏறியிருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உள்ள உங்களைப் பத்திக் கேட்டாங்க. நீங்கன்னு தெரியாது. லைசென்ஸை நிறுத்தி வைக்கணும்னேன். மறதி இருக்கிற ஆள் வீட்லயே இருக்கட்டும்னேன். அவங்க சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா?" என்றான். பிறகு, "வீட்லகூட இருக்கலியே நான்" என்றான்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்ததும் டிரைவர் குனிந்து பார்த்தார், கனத்த உடம்பும் துண்டும் சிரிப்புமாக. "என்ன சார், கோட்டெல்லாம் பலமா இருக்கு! மாப்பிள்ளையாட்டம்!" என்றவர் பின்னால் நின்றவளைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். "வாங்கம்மா. வீட்டம்மாவா? உங்க கை மணத்துக்கு ஒரு கும்பிடு. நீங்க கட்டிக் குடுக்கிறதுல பாதி எனக்குத்தான்."

அவள் கம்பியைப் பிடித்தபடி படியில் நின்றுவிட்டாள். தன் வீட்டுச் சாப்பாட்டின் ருசி தெரிந்த இந்த மனிதரை அவள் இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது, இவன் எங்கே இருக்கிறான், எப்போது சாப்பிடுகிறான், எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதெல்லாம். பின்னால் யாரோ "ஏறுங்கம்மா" என்றார்கள். ஏறினாள்.

ஜன்னலோரம் அவளுக்கு விட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்கைகள் உரசின. யாரும் நகர்த்திக்கொள்ளவில்லை. கடைத்தெரு, பள்ளிக்கூடம், மேம்பாலம். அவர்களுடைய நிறுத்தம் வந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. ஆனாலும் டிரைவர் பழக்கம் காரணமாகப் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

தெருவின் அந்தப் பக்கம் அவர்கள் வீடு தெரிந்தது. மாடிக் கொடியில், காலையில் அவள் அவசரமாக உதறிப் போட்ட துணிகள், மூன்று பேருடையதும், காற்றில் ஒன்றன் மேல் ஒன்று மோதிக்கொண்டிருந்தன. மகளின் பாவாடை ஒரு பக்கம் கிளிப் விட்டுத் தொங்கியது.

அவன் அவளைப் பார்த்தான். அவள் எழவில்லை. டிரைவர் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கதவை மூடி, கடைசி ஸ்டாப்பை நோக்கி வண்டியை எடுத்தார்.