பதினோராம் நாள் எடை

அக்கா அந்த ஆஸ்பத்திரியில் பதினேழு வருடமாக டயட்டீஷியன். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் பையில் எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இந்த முறை பை அவளுடைய சொந்தத் தம்பிக்கு.

தம்பியின் குடலில் பாதிக்கு மேல் அழுகிப்போய் வெட்டி எடுத்தாயிற்று. மிச்சத்தைச் சேர்த்துத் தைக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும்.

"நாப்பது கிலோ உடம்புல நான் கத்தி வெக்க மாட்டேன். நாப்பத்தாறு ஆகட்டும்," என்றார் சர்ஜன், கறாராக.

அக்கா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். கிலோவுக்கு ஒன்றரை கிராம் வீதம் அறுபது கிராம் புரதம். அதற்குக் கிராமுக்கு நாலு கலோரி. பையில் போகும் சர்க்கரைக்கு மட்டும் நாலு இல்லை, மூன்று புள்ளி நாலு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சறுக்குகிற இடம் அது. அவள் சறுக்கவில்லை. கொழுப்பையும் சேர்த்து ஆயிரத்து நானூற்று இருபது வந்தது.

தினமும் காலையில் எடை பார்த்தாள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டரை. எடை ஏற ஏற, புது எடையால் பெருக்கிப் பையையும் பெரிதாக்கிக்கொண்டே போனாள். பதினோராம் நாள் முள் நாற்பத்தாறைத் தொட்டது. தம்பி உடனே மனைவிக்குப் போன் போட்டுவிட்டான்.

"இன்னிக்குத் தேதி குடுத்துருவாங்க. நீ பயப்படாத."

சர்ஜன் வந்தார். போர்வையை விலக்கி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவில்லை. அக்காவை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"அவ்வளவும் தண்ணிம்மா. நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. வாரத்துக்கு அரைக் கிலோ ஏறினாலே பெரிய விஷயம், அதற்கு மேல் ஏறினால் முதலில் காலை அழுத்திப் பார் என்று பயிற்சிக்கு வரும் பெண்களிடம் வாய் வலிக்கச் சொல்கிறவள் அவள்தான். ஊரார் கால்களையெல்லாம் அழுத்தினாள், தம்பி காலை மட்டும் தொடவில்லை. தொட்டால் தெரிந்துவிடுமே என்கிற பயம், வேறென்ன. தண்ணீரைச் சதையென்று எண்ணி, அந்தக் கணக்குக்கு மேலும் மேலும் தண்ணீரையே ஏற்றியிருக்கிறாள்.

"வடிச்சா முப்பத்தெட்டு நிக்கும். இதயமும் திணறுது. இனிமே ஆபரேஷன் கிடையாது. வலி இல்லாம பாத்துக்கலாம், அவ்வளவுதான்."

தன் மேசைக்கு வந்து உட்கார்ந்து, முப்பத்தெட்டு என்று எழுதிப் பெருக்கினாள். ஒரே தடவையில் விடை சரியாக வந்தது.

சாயங்காலம் நர்ஸ் புதுப் பையைத் தொங்கவிட்டாள். தம்பி அண்ணாந்து பார்த்தான்.

"என்னக்கா, பை சின்னதா இருக்கு? ஆபரேஷனுக்கு முன்னாடி நல்லா ஏத்த வேணாமா?"

"உனக்கு இது போதும்டா," என்றாள்.

தன் தட்டில் இருப்பதையும் அவன் பக்கம் தள்ளித் தள்ளியே வளர்ந்தவள். அவனிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.