ரென் இன்னும் தரையிறங்கவில்லை

1995ஆம் ஆண்டு ஜூன் மாதம் முழுவதும், ரென் என்ற ஜப்பானியப் பையன் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே கம்பி, மேலே மேகம். உயரம் தாண்டும் பந்தயத்தின் இறுதிச் சுற்று. மலாயில் மொழிபெயர்த்து வந்துகொண்டிருந்த அந்தப் படக்கதையின் பதினொன்றாம் புத்தகம், எதிரெதிரான இரண்டு பக்கங்களில் அவனை அப்படியே விட்டுவிட்டு முடிந்துபோயிருந்தது. ஒரு வார்த்தை கிடையாது. பன்னிரண்டாம் புத்தகம் செப்டம்பரில்தான் வரும் என்று பினாங்கு ரோட்டுப் புத்தகக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

ஞானாம்பிகைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க். வீடு கடலுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். தினமும் காலை ஏழு இருபது ஃபெரிப் படகில் ஏறி, மேல்தளத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து, அந்த இரண்டு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்வாள். படிக்க ஒன்றுமில்லை, பார்ப்பதற்குத்தான். ரென்னின் ஒரு காலணியின் நாடா அவிழ்ந்திருப்பதை இரண்டாவது வாரத்தில்தான் கண்டுபிடித்தாள். அன்று முழுக்க அலுவலகத்தில் அவளுக்குக் கணக்கு ஓடவில்லை. நாடா கம்பியில் பட்டுவிட்டால்?

அப்படி ஒரு திங்கட்கிழமை காலை, எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஓ, ரென்னா! மிஸ், இன்னும் இங்கதான் இருக்கீங்களா? டிவியில எப்பவோ..."

ஞானாம்பிகை புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"இன்னொரு வார்த்தை சொன்னீங்க, கடல்ல தள்ளிவிட்டுருவேன்."

பேசியவர் பெர்னார்ட். ஜார்ஜ்டவுனில் ஒரு பள்ளியில் பூகோள ஆசிரியர். வயது முப்பத்திரண்டு. மடியில் உலக வரைபடச் சுருள் ஒன்று. அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"சாரி, மிஸ். சொல்லல. ஆனா நீங்க ஏன் டிவியில பாக்கக் கூடாது? புதன்கிழமை ஆறரைக்குப் போடுறான். கலர், மியூசிக், எல்லாம் இருக்கு."

"நான் வீடு போய்ச் சேரவே ஏழாகும். சேர்ந்தாலும் பாக்க மாட்டேன். புத்தகத்துல அவன் தாண்டுறது எவ்வளவு நேரம்னு நான் முடிவு பண்றேன். டிவியில யாரோ முடிவு பண்றான்."

"அது சரிதான். டிவியில அவன் ஓடி வந்து தாண்டுறதுக்கு மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா!"

"முதல் வாரம் ஓடினான். ரெண்டாவது வாரம் ஓடிக்கிட்டே சின்ன வயசு ஞாபகம். மூணாவது வாரம்தான் கால் தரையை விட்டு எழும்புது."

"அலாமாக்! அது ஓட்டமா, பென்ஷன் பேப்பர் நகர்ற மாதிரில்ல இருக்கு!"

பெர்னார்டுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ரென் ஓடும்போது கேட்கும் முரசுச் சத்தத்தைப் பெஞ்சில் தட்டிக் காண்பித்தார். ஞானாம்பிகை, அவன் ஓடுவதைப் புத்தகம் நாலே கட்டங்களில் எப்படிக் காட்டுகிறது என்று விரலால் காற்றில் வரைந்தாள். அவர் குரல் என்றார். அவள் கோடு என்றாள். அவர் வரைபடச் சுருளைக் கிடைமட்டமாகப் பிடித்து "இது கம்பின்னு வைங்க" என்றார். அவள் பேனாவை ரென்னாக்கி அதன் மேல் பறக்கவிட்டாள். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மலாய் அம்மா, பேனா தாண்டுமா என்று கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

ஃபெரி தீவைத் தொட்டதும், கூட்டம் இறங்கியதும், அந்த அம்மா "டீச்சர், டீச்சர்" என்று இரண்டு தடவை கூப்பிட்டதும் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஜார்ஜ்டவுன் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"நாம எங்க போறோம்?" என்றாள் ஞானாம்பிகை.

பூகோள ஆசிரியர் கடலைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். "பட்டர்வொர்த்துக்கு," என்றார்.

எட்டு வருட வேலையில் ஒருநாள்கூடத் தாமதமாக வராதவள் அன்று ஒன்பதேகாலுக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். என்ன ஆயிற்று என்று மேனேஜர் கேட்டதற்கு, "ஃபெரி திரும்பிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு, பைல் அறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வாரமே ஒப்பந்தம் ஆனது. பெர்னார்ட் பதினொரு புத்தகங்களையும் படிக்க வேண்டும். ஞானாம்பிகை டிவித் தொடரைப் பார்க்க வேண்டும், ஆனால் ரென் தரையை விட்டு எழும்பும் இடம் வரைக்கும்தான். பெர்னார்டின் அக்கா தெரேசா, தன் மகள்களுக்காக எல்லா வாரத்தையும் வீடியோ டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தாள். அவள் வீடு பட்டர்வொர்த்தில், மாதா கோயிலுக்குப் பின்னால். ஞாயிறு பூசை முடிந்து தெரேசா காப்பி கலக்க, டேப் ஓட ஆரம்பித்தது.

ரென் வாயைத் திறந்தான். ஞானாம்பிகையின் மனதில் அவனுக்கு இருந்தது கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். டிவியில் கேட்டதோ கீச்சென்ற பெண் குரல். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தெரேசாவின் மகள்கள் இரண்டு பேரும் கோபமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குப் பக்கத்து வீட்டுப் பாப்பா பேசுற மாதிரி இருக்குக்கா!"

ஆனால் நாலாவது ஞாயிறு முரசு வந்தது. ரென் ஓடத் தொடங்கினான். பெர்னார்ட் பெஞ்சில் தட்டியது ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முதுகெலும்பில் ஏறியது அந்தச் சத்தம். அவன் கால் எழும்பிய நொடியில் தெரேசா ஓடிப்போய் டேப்பை நிறுத்தியபோது, ஞானாம்பிகையின் கையில் தெரேசாவின் சின்ன மகளுடைய ஜடை இறுக்கமாகப் பிடிபட்டிருந்தது.

"அக்கா, விடுங்க லா, வலிக்குது!"

அதே இரவில் பெர்னார்ட் பதினொன்றாம் புத்தகத்தின் கடைசிக்கு வந்தார். மறுநாள் ஃபெரியில் அவள் உட்காருவதற்கு முன்பே பேசினார்.

"அந்த ரெண்டு பக்கத்துல காத்துச் சத்தம் கேக்குது. புத்தகத்துல ஸ்பீக்கர் எங்க வெச்சிருக்கான்?"

"நாடாவைப் பாத்தீங்களா?"

"என்ன நாடா?"

அவள் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். டிவியில் அந்த நாடா இல்லவே இல்லை என்றார்.

முடிவு தெரிந்த ஒரு மனிதர் அதைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று ஞானாம்பிகை அந்த மூன்று மாதங்களில் பார்த்தாள். பேச்சு ரென் பக்கம் வந்தால் பெர்னார்ட் உதட்டைக் கடித்துக்கொள்வார். ஒருமுறை "அப்புறம் அவன்" என்று தொடங்கிவிட்டு, பாதியில் இருமல் வந்ததுபோல் நடித்தார்.

செப்டம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் புத்தகம் வந்தது. மாலை ஃபெரியில் அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். பெர்னார்ட் வேண்டுமென்றே கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"விழுந்துட்டான்!" என்று அவள் கத்தினாள்.

"என்ன?"

"கம்பியைத் தட்டிட்டான். நாடா பட்டுடுச்சு. மெத்தையில மல்லாந்து படுத்துக்கிட்டு, ஆகாயத்தைப் பாத்துச் சிரிக்கிறான்!"

பெர்னார்ட் புத்தகத்தைப் பிடுங்கினார்.

"டிவியில தாண்டினானே! கப் வாங்கினானே! நான் அழுதேன் லா!"

"அப்ப மூணு மாசமா நீங்க சொல்லாம வெச்சிருந்தது..."

"தப்பு! முழுசா தப்பு! வாயைக் கட்டிக்கிட்டு இருந்தது அத்தனையும் வேஸ்ட்!"

அவள் பெஞ்சில் குப்புறக் கவிழ்ந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். மெத்தையில் சிரிக்கும் ரென்னை மறுபடி மறுபடி பார்த்தபின், "விழுந்ததுதான் நல்லா இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். "ஆனா அன்னிக்கு அழுததும் பொய் இல்ல."

"அந்த முரசுக்கு நானும் அழுதிருப்பேன்," என்றாள் அவள்.

பெர்னார்ட் புத்தகத்தை அவளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கையை எடுக்கவில்லை.

"ஞானா, உங்க அப்பாவை வந்து பாக்கட்டுமா?"

"நான் முதல்ல சொல்லிடுறேன்," என்றாள். அவள் முகம் சுட்டது. ஃபெரி பட்டர்வொர்த்தைத் தொட்டது. இந்தத் தடவை இரண்டு பேரும் ஒழுங்காக இறங்கினார்கள்.

அவள் அப்பா நாகநாதன் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரேடியோ பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் துணியைக் கீழே வைத்தார்.

"கோயிலா, சர்ச்சா?"

"சர்ச்சுப்பா. ஆனா நல்ல மாதிரி. ஒரே ஒரு குறைதான். படக்கதையை டிவியில பாக்கிற ஆளு."

"எந்தப் படக்கதை?"

"உங்களுக்குத் தெரியாது. ரென்னு ஒரு பையன், உயரம் தாண்டுவான்..."

"புதன்கிழமை ஆறரைக்குப் போடுறதா?"

"ஆமாப்பா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றார் நாகநாதன். "அந்தப் பையன் கப் வாங்கினப்ப நான் எழுந்து நின்னு கை தட்டினேன். சரி, அவரை ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. எங்களுக்குப் பேச நிறைய இருக்கு."

"அப்பா! புத்தகத்துல அவன் விழுந்துட்டான்!"

"சும்மா இரு," என்றார் நாகநாதன் கண்டிப்பாக. "அவன் விழல."