நாற்காலிகள் முந்துவதில்லை

எட்டு வயதில் நான் ஓர் ஐரிஷ் நடனப் போட்டி மேடையிலிருந்து ஓடினேன். அக்கார்டியன் தொடங்கிய நான்காவது நொடியில் ஓடினேன். மண்டபத்தைத் தாண்டி, வெளியே கார்களின் நடுவே புகுந்து, பூட்டாத ஒரு காரின் பின்னிருக்கையில் படுத்துக்கொண்டேன். அது எங்கள் கார் இல்லை, ஒரு பாதிரியாருடையது. அவர் வீட்டுக்கு ஓட்டிப் போய், தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, காரில் மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தபோதுதான் என்னைப் பார்த்தார்.

இதை என் அண்ணன் ஃபின்டன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வான்கோழியை அறுத்துக்கொண்டே சொல்வான். முதல் வருடம் அவன் கதையில் பாதிரியார் இரண்டு மைல் ஓட்டினார். பதினெட்டு வருடங்களில் அவர் எங்கோ இருக்கும் ஸ்லைகோ நகரம் வரை போய்விட்டார்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். மேடையில் ஒரு நடனத்தைக் கடைசி வணக்கம் வரை ஆடி முடிக்க வேண்டும். பரிசெல்லாம் வேண்டாம். பார்வையாளர்கள் வராமல் இருந்தால் இன்னும் நல்லது.

நான் ராஸ்காமனில் பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஆய்வகத்தில் கிருமிகளை எண்ணுகிறேன். கிருமிகள் பதிலுக்கு நம்மைப் பார்ப்பதில்லை. நடன வகுப்பும் அப்படி ஒன்று வேண்டும் என்று தேடியபோது அட்ராக்டா டீச்சர் கிடைத்தார். செவ்வாய்தோறும் மாலை ஏழு மணிக்கு இணைய வழியில் பெரியவர்களுக்கு வகுப்பு. முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார்.

"கேமராவ கீழ இறக்குங்க. எனக்குக் கால் மட்டும் தெரிஞ்சா போதும். முகத்த வச்சு நான் என்ன பண்ண? முகமா ஆடப்போகுது?"

இவ்வளவு அன்பாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

வகுப்பில் நாங்கள் நான்கு ஜோடிக் கால்கள். என்னுடையவை ஒரு ஜோடி. டப்ளின் ஈட்டாவின் நகங்களில் வாரம் ஒரு நிறம். லீட்ரிமில் இருக்கும் டிம்ஃப்னாவின் கால்களுக்கு நடுவே எப்போதும் ஒரு பூனை. பெல்முல்லெட்டில் கடலோரம் இருக்கும் தபால்காரர் பயஸின் இடது காலுறையில் ஓட்டை. எல்லோருடைய மைக்கும் அணைந்தே இருக்கும். டீச்சர் பெயரைக் கூப்பிடுவார், நாங்கள் ஒரு தடவை தரையை மிதிக்க வேண்டும். "இருக்கா," என்பார். அதுதான் வருகைப்பதிவு.

பிறகு இசையைப் போடுவார். பிறகு திட்டுவார்.

"டெர்வ்லா, லேட்டு. டிம்ஃப்னா, ரொம்ப லேட்டு. பயஸ், நீங்க போன பாட்டுக்கு ஆடிட்டிருக்கீங்க."

நான் லேட் இல்லை. எனக்குக் கேட்ட இசைக்குச் சரியாகத்தான் ஆடினேன். இசை அவரிடமிருந்து என் சமையலறைக்கு வரக் கொஞ்ச நேரம், என் கால்கள் அவர் திரைக்குத் திரும்பிப் போக இன்னும் கொஞ்ச நேரம். இதை வாயால் சொல்ல மைக்கை முடுக்க வேண்டும். அதற்குப் பதில் அளந்துவிட்டேன்.

ஏழு வாரம் வருகைப்பதிவின்போது, என் மிதிக்கும் அவருடைய "இருக்கா"வுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று குறித்து, சராசரி எடுத்தேன். டீச்சரின் மூளை எடுத்துக்கொள்ளும் நேரம் என்று கால் நொடியைக் கழித்தேன். மிச்சம் பூஜ்யம் புள்ளி ஆறு நொடி. அன்று முதல் இசைக்குப் பூஜ்யம் புள்ளி ஆறு நொடி முன்னால் ஆடத் தொடங்கினேன்.

"டெர்வ்லா! அப்படிப் போடு!" என்றார் டீச்சர்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு சூத்திரம் வேலை செய்தால் அதை வெளியிடாமல் இருக்க முடியாது. எங்கள் வாட்ஸாப் குழுவில் செய்முறையை எழுதிப் போட்டேன். மூவரும் அளந்தார்கள். டிம்ஃப்னாவுக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்பது. ஈட்டாவுக்கு ஒன்றுமே இல்லை, அவள் வீட்டு இணையம் அவள் நினைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். பயஸுக்கு ஒன்று புள்ளி நான்கு, மழை என்றால் ஒன்று புள்ளி ஏழு. பெல்முல்லெட்டில் மழை பெய்யாத செவ்வாய்க்கிழமை வரவே இல்லை.

அடுத்த வாரம் நான்கு ஜோடிக் கால்களும் டீச்சரின் திரையில் ஒரே நேரத்தில் எழும்பி ஒரே நேரத்தில் இறங்கின. அவர் அதே இசையை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

"பரிசுத்த ஆவி இறங்கிட்டாரா என்ன?" என்றார் கடைசியில். "நான் உங்க பேரக் குடுக்கப்போறேன். மே மாசம், பாலினா ஊர்ப் போட்டி. பெரியவங்க பிரிவு, நால்வர் ரீல் ஆட்டம். நாலு பேர் வேணும், நாலு பேர் இருக்கீங்க. ஒருத்தர் கழண்டாலும் மத்த மூணு பேரும் அம்பேல்."

கடைசி வாக்கியம் எனக்காகச் சொல்லப்பட்டது இல்லை. ஆனால் என் வீட்டுத் தரையில்தான் விழுந்தது.

நால்வர் ரீல் என்பது நான்கு பேர் கை கோத்துச் சுற்றி ஆடும் ஆட்டம். அதை ஒருவர் வீட்டில் தனியாகப் பழக மூன்று நாற்காலிகள் வேண்டும். என் ஈட்டாவுக்கு மெத்தை இருந்தது. என் டிம்ஃப்னா மடக்கு நாற்காலி. என் பயஸுக்கு ஒரு கால் ஆடும். கை கோக்க வேண்டிய இடத்தில் முதுகுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுவேன். பயஸ் வீட்டில் நான் ஒரு கவிழ்த்த வாளி என்று பிறகு தெரிந்தது.

நேரில் ஒரு தடவையாவது சேர்ந்து ஆடிப் பார்ப்பதாக இருந்தோம். ஒரு ஞாயிறு புயல், இன்னொரு ஞாயிறு டிம்ஃப்னாவின் ஆடுகள் குட்டி போட்டன. "போட்டி அன்னிக்குக் காலைல பாத்துக்கலாம்," என்றார் டீச்சர். "எப்பவும் மூணு மணி நேரம் லேட்டாத்தான் ஆரம்பிப்பாங்க."

அன்று அரை மணி நேரம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூட விளையாட்டரங்கு. சுருள் முடி விக்கும், கால் நிறையப் பழுப்புச் சாயமும், வாயில் சாண்ட்விச்சுமாகச் சிறுமிகள். அவர்கள் பின்னால் உதட்டில் ஹேர்பின்களைக் கவ்வியபடி அம்மாக்கள். ஃபின்டன் என்னைக் கூட்டி வந்திருந்தான். என் முதுகில் எண் அட்டையைக் குத்திவிட்டபடியே சொன்னான்.

"நம்ம கார் பூட்டியாச்சு. வெளிய நிக்கற மத்த கார் கதவெல்லாம்கூட இழுத்துப் பாத்துட்டேன். ஒரு டயோட்டா மட்டும் திறந்திருக்கு. சும்மா தகவலுக்குச் சொல்றேன்டி."

மேடையோரம் மூன்று பேர் நின்றார்கள். நாங்கள் முதலில் கீழே பார்த்துக்கொண்டோம். காலுறை ஓட்டை, பச்சை நகம், பூனை முடி. பிறகுதான் நிமிர்ந்தோம். பயஸ் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு பெரிய உருவமாக இருந்தார்.

"நீதான் அறிவியல் பொண்ணா?" என்றார். "குட்டியா இருக்கியே. என் வாளிகூட உன்னவிட உசரம்."

மேடை ஏறினோம். கீழே மேசைக்குப் பின்னால் நடுவர், கையருகே ஒரு சின்ன மணி. இசை தொடங்கினால் முதல் எட்டுத் தாளக்கட்டுக்கு வலது பாதத்தை நீட்டி அசையாமல் நிற்க வேண்டும். ஒன்பதாவதில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். அக்கார்டியன் தொடங்கியது. என் நான்காவது நொடி வந்தது, போனது. நான் நின்றேன். அதற்காக என்னை நானே பாராட்டிக்கொண்டிருந்தபோது பயஸ் கிளம்பிவிட்டார்.

மூன்று தப்படி போய்விட்டார், தன்னந்தனியாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே இணையம் இல்லை. நடுவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் டிம்ஃப்னா கிளம்பினாள். அவளுக்குப் பின் நான், ஏனென்றால் என் கால்கள் என்னிடம் கேட்கவில்லை. ஈட்டா மட்டும் இசையோடு கிளம்பி, எதிரே திரும்பி வந்துகொண்டிருந்த பயஸின் மார்பில் மோதினாள். டிம்ஃப்னா என் காலை மிதித்தாள். நாற்காலிகள் இப்படிச் செய்ததே இல்லை.

நடுவர் மணியை அடித்தார். இசை நின்றது.

"என்னம்மா இது?" என்றார். "பெரியவங்க, புதுசு. போகட்டும். முதல்லேருந்து ஒரு வாட்டி. ஒரே வாட்டிதான்."

கதவு என் இடது பக்கம் பன்னிரண்டடி தூரத்தில் திறந்திருந்தது. அதன் வழியாக அந்த டயோட்டாவின் மூக்கு தெரிந்தது.

பயஸ் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழை பெய்யலையே," என்று முணுமுணுத்தார். "ஒண்ணு புள்ளி நாலுதானே? நான் ஒண்ணு புள்ளி ஏழு போட்டுட்டேனா?"

அவர் மறுபடியும் எண்ணப்போகிறார். மூவரும் எண்ணப்போகிறார்கள். நான் சொன்னதைத்தான் செய்கிறார்கள். ஓடினால் நான் தப்பிப்பேன், அவர்கள் மூவரும் என் சூத்திரத்தோடு மேடையில் நிற்பார்கள்.

"பூஜ்யம்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அக்கார்டியன்காரர் துருத்தியை விரித்தார்.

"பூஜ்யம்!" என்று கத்தினேன். "எல்லாரும் பூஜ்யம்! பயஸ், நீங்களும்! காதுல விழறப்போ ஆடுங்க!"

அரங்கில் சாண்ட்விச் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. நடுவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மார்க் போடறது என் வேலை, கண்ணு," என்றார்.

அக்கார்டியன் மீண்டும் தொடங்கியது. எட்டுத் தாளக்கட்டு. பயஸின் தோள் ஒரு தடவை துடித்தது, ஆனால் நின்றார். பிறகு கிளம்பினோம், ஏறக்குறைய ஒன்றாக. மூளைக்குப் பூஜ்யம் என்றால் உடனே புரியும். கால்களுக்கு மூன்று மாதப் பழக்கம். முதல் சுற்றில் டிம்ஃப்னா முந்தினாள், அடுத்ததில் நான். ஆனால் வட்டம் கட்டிக் கை கோத்ததும் யாராலும் முந்த முடியவில்லை. பயஸ் என் கையைக் கடிதக்கட்டைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். தைரியத்தால்தான் கடைசிவரை நின்றேன் என்று எழுத ஆசைதான். அந்தப் பிடியிலிருந்து ஒரு குதிரையாலும் ஓடியிருக்க முடியாது.

இசை முடிந்தது. வணங்கினோம். வணக்கம் மட்டும் நால்வருக்கும் மிகச் சரியாக ஒரே நேரத்தில் விழுந்தது. நிமிர்ந்து, இறங்கச் சொல்லும்வரை நின்றோம்.

எங்கள் பிரிவில் போட்டியிட்டது ஒரே ஒரு குழு, அது நாங்கள்தான். எங்களுக்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள். நடுவரின் தாளில் இரண்டு வரி இருந்தது: 'பாதங்கள் நன்று. தாளம்: நான்கு கேட்டது.'

டீச்சர் அந்தத் தாளோடு எங்களைத் தேடி வந்தார். அவர் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். சிவந்திருந்தது.

"பயஸ் ஒண்ணு புள்ளி நாலுன்னு பொலம்பறாரே, அது என்ன? யார் செஞ்ச வேல இது?"

ஈட்டா தன் நகத்தைப் பார்த்தாள். டிம்ஃப்னா கூரையைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய மூளைக்குக் கால் நொடி கழித்ததையும் சொன்னேன்.

"அப்ப இத்தன நாளா நீங்க சரியா ஆடவே இல்ல?"

"உங்க திரையில சரி, டீச்சர். அங்க மட்டும்."

அவர் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டார்.

"அப்ப அடுத்த வருஷம் நடுவர என் வீட்டுல, என் திரை முன்னாடி உக்கார வச்சிரலாம்," என்றார். "கால் நொடி ஜாஸ்தி. எனக்கு அவ்வளவெல்லாம் ஆகாது."

திரும்பும் வழியில் ஃபின்டன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே கிறிஸ்துமஸுக்கு ஒத்திகை பார்த்தான்.

"அப்ப இவ, மேடைல நின்னுக்கிட்டு, ஐந்நூறு பேர் முன்னாடி, நடுவரப் பாத்து, பூஜ்யம்னு..."

"நூத்துப் பதினேழு பேர்," என்றேன். "நடுவரோட சேத்து."

"அது எப்படிடி உனக்குத் தெரியும்?"

"எண்ணினேன். நேரம் இருந்துச்சே."