'திருடி' இலவசம் இல்லை

மனிதகுலத்தின் மகத்தான மாற்றங்கள் எல்லாம் எளிய அறைகளில்தான் பிறந்திருக்கின்றன. இந்த மாற்றம் பிறந்த அறையில் துணி துவைக்கும் இயந்திரமும் இருந்தது. அது பிழியத் தொடங்கிவிட்டால் வரலாறு பன்னிரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த இரைச்சலில் ஒலிப்பதிவு நடக்காது.

அறையில் இரண்டு பேர். கணினி நிரல் எழுதும் தங்கை, ஒலி சேர்க்கும் அண்ணன். தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அண்ணனுக்குப் பார்வை உண்டு, பொறுமை இல்லை. கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டுச் சேர்த்து நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதரை இழுத்து வந்து, இரண்டு வருடமாகத் தட்டில் மணலைக் கொட்டி அதன்மேல் நடக்க வைத்திருந்தாள். கரண்டிக் கொத்தைக் குலுக்கினால் காவலாளியின் சாவி. ஈரத் துண்டைத் தரையில் அறைந்தால், மதிலிலிருந்து குதிக்கும் திருடி.

விளையாட்டின் பெயரே 'திருடி'தான். படம் கிடையாது. காதில் மாட்டிக்கொண்டு, கேட்டே ஆட வேண்டும். பூட்டிய கிடங்கில் மின்சாரத்தை அணைத்துவிட்டால் காவலாளிகள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள். திருடி மட்டும் சொந்த வீட்டில் தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல நடப்பாள். விலை, ஓட்டலில் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகிற காசு.

வம்பு அந்த விலையில்தான் வந்தது. "பார்வை இல்லாதவங்ககிட்டப் போய் காசு வாங்குறதா?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. செருப்புக் கடைக்காரர் அவளிடம் காசு வாங்கும்போது யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டுச் சொந்தக்காரரும் கேட்டதில்லை. அவர் கேட்பதெல்லாம் மாதம் ஒன்றாம் தேதி வாடகை மட்டும்தான்.

கைக்காசு கரைந்து, இன்னும் இரண்டு மாத வாடகைதான் தாங்கும் என்றிருந்தபோது ஓர் அறக்கட்டளை கூப்பிட்டு அனுப்பியது. அதன் புரவலருடைய அறையில் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. கம்பளம் காலடிச் சத்தத்தை முழுசாக விழுங்கியது. அப்படிப்பட்ட அறைகள் அவளுக்குப் பிடிக்காது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியக் கூடாதென்றே போடுகிறார்களோ என்னவோ.

புரவலர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடிப் பார்க்க ஆசைப்பட்டார். பட்டுத் துணி சரசரத்தது. கேமரா நான்கு முறை சொடுக்கியது. அப்புறம்தான் ஆட்டம். பதினோராவது வினாடியில் பிடிபட்டார். இரண்டாம் முறை ஒன்பதாவது வினாடியில்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கேம்மா. பாவம், அவங்க எப்படி ஆடுவாங்க?"

"அவங்க நல்லா ஆடுவாங்க சார். நீங்கதான் பாவம்."

அண்ணன் இருமினார்.

புரவலர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். விளையாட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டும். நாயகி திருடியாக இருக்கக் கூடாது, நன்றாகப் படித்து முன்னேறும் பெண்ணாக இருக்கலாம். தொடக்கத்தில் புரவலரின் வாழ்த்துரை இரண்டு நிமிடம் ஒலிக்கும். அதைத் தாண்டிப் போக வழி இருக்கக் கூடாது. பதிலுக்கு இருவருக்கும் இரண்டு வருடச் சம்பளம். அண்ணன் மூச்சை உள்ளே இழுத்தது அவளுக்குக் கேட்டது. வெளியே விட்டது கேட்கவில்லை.

"இலவசமா குடுத்தா எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்! இது ஒரு சேவைதானேம்மா?"

"சேவை இல்ல சார், விளையாட்டு. காசு குடுத்து வாங்குனவன், நல்லா இல்லைன்னா என்னைத் திட்டலாம். சும்மா குடுத்தா நன்றிதான் சொல்லணும். எங்க ஆளுங்க பொறந்ததுலேர்ந்து நன்றி சொல்லியே வாய் வலிச்சுப் போயிருக்காங்க."

"சரி, அந்தப் பொண்ணாவது நல்ல பொண்ணா இருக்கக் கூடாதா?"

"கூடாது."

லிப்டில் அண்ணன் வெடித்தார். "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுற. ரெண்டு வருஷச் சம்பளம்டி!"

"அந்த வெண்ணெய் ரெண்டு நிமிஷம் பேசுமே அண்ணா. யாரு கேக்குறது?"

சரி, விற்றுத்தான் பார்ப்போம் என்று ஒரு பெரிய இணையக் கடைக்குப் போனார்கள். விளையாட்டின் படங்கள் ஐந்து கட்டாயம் வேண்டும் என்றது கடை. அண்ணன் கன்னங்கரேலென்று ஐந்து படம் அனுப்பினார். ஐந்தும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று திரும்பி வந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே 'கிடங்கு, காவலாளி இல்லை', 'கிடங்கு, காவலாளி உண்டு' என்று குறிப்பு எழுதி மறுபடி அனுப்பினார். கடை மசியவில்லை.

"போங்கடா" என்று அவள் சொந்தமாகவே ஓர் இணையப் பக்கம் தொடங்கினாள். அண்ணன் கலரும் அழகும் பார்த்துச் சொல்ல, அவள் நிரல் எழுத, ஒரே வாரத்தில் முடிந்தது. வெளியிட்ட அன்று விற்றது பூஜ்யம். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் காலை புரவலரே போன் செய்தார்.

"ஒண்ணுகூட விக்கலையாமே. அவங்க வாங்க மாட்டாங்கன்னு நான் அப்பவே நினைச்சேன். பரவாயில்லம்மா, இங்க கதவு திறந்துதான் இருக்கு."

"எங்க விளையாட்டுல சார், கதவு திறந்திருந்தா உள்ள காவலாளி நிக்கிறான்னு அர்த்தம்."

போனை வைத்ததும் வாடகைக்கு இருந்த காசை மறுபடி எண்ணினாள். அண்ணன் மணல் தட்டை எடுத்து மூலையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மதியம் அவளுக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் போனில் கூப்பிட்டார். அவருக்கும் பார்வை இல்லை. இரண்டு வருடமாக விளையாட்டைச் சோதித்துப் பார்த்து, வாய்க்கு வந்தபடி திட்டி, அதை உருப்பட வைத்தவர் அவர்தான்.

"ஏம்மா, நீ விக்கிறியா, ஒளிச்சு வெச்சிருக்கியா? மூணு நாளா உன் பக்கத்தைத் துழாவுறேன். வாங்குற பட்டன் எங்க?"

"விலைக்குக் கீழதான் இருக்கு."

"விலைக்குக் கீழ 'படம்'னு சொல்லுது. எனக்கு எதுக்குப் படம்னு தாண்டிப் போயிட்டேன். எங்க குரூப்ல நாப்பது பேரும் அப்படித்தான் தாண்டியிருக்கானுங்க."

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்கு, இது இன்ன பட்டன் என்று யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். கிடங்கின் ஒவ்வொரு படியையும் அவள் நூறு தடவை ஏறி இறங்கியிருந்தாள். தன் விளையாட்டைத் தானே காசு கொடுத்து வாங்கிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

போனை வைத்துவிட்டு அண்ணன்மேல் பாய்ந்தாள். "கண்ணு தெரிஞ்சவங்க புத்தியே இதுதான்! பளபளன்னு ஒரு பட்டனை ஒட்டிட்டா போதும், அதுக்கு ஒரு பேரு வைக்கத் தோணாது!"

"நானா? நான் வெறும் கலர்தானே..."

"பேசாத அண்ணா."



பெயர் எழுத நான்கு நிமிடம் ஆனது. சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டு விற்றன. வாரக் கடைசியில் முந்நூறைத் தாண்டின. கூடவே கடிதங்கள் வந்தன. மூன்றாவது மாடி நாய் நாய்போலவே குரைக்கவில்லை. இந்தக் காசுக்கு இன்னொரு மாடி கொடுத்திருக்கலாம். காவலாளி செவிடா, ஏன் அவ்வளவு சுலபமாக ஏமாறுகிறான்? அவள் ஒவ்வொன்றையும் சத்தமாக ஒலிக்கவிட்டு அண்ணனையும் கேட்க வைத்தாள். நன்றி என்ற சொல்லைத் தேடிப் பார்த்தாள். எந்தக் கடிதத்திலும் இல்லை. அன்றைக்கு அவள் ஒரு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மறு வாரம், விலையை ஏற்றலாம் என்று பக்கத்தைத் திறந்தாள். எந்த வரியை யார் எப்போது சேர்த்தார்கள் என்ற பட்டியல் அதிலேயே இருந்தது.

பெயரில்லாத அந்தப் பட்டனைச் சேர்த்தது அவள்தான். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.