மேட்டுக் கோலுக்குப் பின்னால்

எங்கள் ஹார்கில் கால்பந்து மைதானம் சரிவானது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நூற்று முப்பது வருஷமாக இந்தச் சரிவில் ஆடித்தான் லீக்கில் ஒரு படிகூடக் கீழே இறங்காமல் இருக்கிறோம்.

டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் மேட்டை நோக்கி அடிப்போம், இரண்டாம் பாதியில் பள்ளத்தை நோக்கி. பெரிய தந்திரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி! கிளப்பை ஆரம்பித்த மில் தொழிலாளிகளுக்கு ஆட்டம் முடியும்போது பப் கிட்டத்தில் இருக்க வேண்டும். பப் இருப்பது பள்ளத்தில். நம் ஆட்கள் எந்தக் கோலுக்கு அடிக்கிறார்களோ, ஊரும் அதற்குப் பின்னால்தான் நிற்கும். இடைவேளையில் மொத்தக் கூட்டமும் இறங்கி வந்து, கையில் பீரோடு பள்ளத்துக் கோலைச் சூழ்ந்துகொள்ளும்.

என் மகள் ஜில்லின் புருஷன் நெவில்தான் பன்னிரண்டு வருஷமாகக் கோல்கீப்பர். உன் புருஷனுக்கு இருப்பது கையா சல்லடையா என்று மாமியார்க்காரி நான் ஜில்லிடம் கேட்காத சனிக்கிழமை இல்லை. போன சீசன் கடைசி ஆட்டத்தில் ஸ்டோன்பெக்கிடம் தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும். சமன் செய்தால் போதும். முந்தின வாரம்தான் நான்கு கோல் விட்டிருந்தான். இதையும் விட்டால் கிளப்பைக் கவிழ்த்தவன் என்ற பெயர் காலத்துக்கும் அவன் தலையில்தான். காலையில் டீகூடக் குடிக்கவில்லை என்று ஜில் அழுதாள்.

ஸ்டோன்பெக் கேப்டன் டாஸ் ஜெயித்து, இதுவரை எவனும் செய்யாதபடி வேண்டுமென்றே எங்களைத் திருப்பிவிட்டான். முதல் பாதியிலேயே பள்ளத்தை நோக்கி அடிக்க வேண்டியதாயிற்று. முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் கீழே வந்தோம். கோல் விழவில்லை. இடைவேளையில் முறைப்படி மேட்டுக்குப் போக வேண்டும். மழை வேறு. பப்போ பக்கத்திலேயே. இடைவேளையில் மேடேறின பழக்கம் ஹார்கில்லில் எவனுக்கும் கிடையாது. ஒருவரும் நகரவில்லை.

அப்படித்தான் ஊர் மொத்தமும் முதல் தடவையாக நெவிலின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அதுவரை எனக்குத் தெரிந்தது மறுகோடியில் ஒரு பச்சைச் சட்டையும் உள்ளே போன பந்தும்தான். தடுத்ததெல்லாம் யார் கண்ணில் பட்டது? முழங்கையில் ரத்தம் வழிய, விழுந்து விழுந்து எழுந்தான். விரல் நுனியால் ஒரு பந்தைத் தள்ளியபோது பீரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன்.

இரண்டு பக்கமும் இன்னும் கோல் இல்லை; ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ரெஃப்ரி அவர்களுக்குப் பெனால்டி கொடுத்தார். நெவில் திரும்பி என்னைப் பார்த்தான். இவள் இப்போது என்ன சொல்லப்போகிறாளோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

"நெவிலு, நாங்க எல்லாரும் இங்கதான்டா நிக்கிறோம். அவன் எங்க மூஞ்சியையெல்லாம் பாத்துட்டுத்தான் அடிக்கணும். அடிக்கட்டும்," என்றேன்.

ஓடி வந்தவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். கால் ஒரு நொடி தயங்கிற்று. நெவில் இடது பக்கம் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

விசில் ஊதியதும் வலையருகே வந்து நின்றான்.

"பன்னெண்டு வருஷமா எங்க போயிருந்தீங்க, அத்தை?"

கேலியாகத்தான் கேட்டான். பீர் குடிக்கப் போயிருந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த சீசன் முதல் ஆட்டத்தில் டாஸ் எங்களுக்குத்தான். இடைவேளையில் ஊர் வழக்கம்போலப் பள்ளத்துக்கு இறங்கிற்று. நான் இறங்கவில்லை. மேட்டுக் கோலுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே நெவில் ஏறி வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்னடா பாக்கற? ஒழுங்கா ஆடு. இனிமே எல்லாம் என் கண்ணுல படும்," என்றேன்.