பட்டியலில் பதின்மூன்றாவது

விண்வெளிக்குக் கொட்டுகிற பணத்தால் பூமியில் இருப்பவனுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குப் பதில் தயாரிப்பது என் வேலை. பெங்களூரில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம். போன வருடம் அரசாங்கத்திடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. விண்கலத்துக்காக உருவாக்கிய இருபது கருவிகள். எவற்றை ஊர் உபயோகத்துக்குச் செய்தால் போட்ட பணத்துக்குப் பலன் கிடைக்கும் என்று நாங்கள் வரிசைப்படுத்த வேண்டும். முதல் பன்னிரண்டுக்குத்தான் நிதி.

அவற்றில் ஒன்று, விண்வெளி வீரர்களின் அறையில் விஷவாயு கசிந்தால் கத்துகிற கருவி. தீப்பெட்டி அளவுதான். சாக்கடையிலும் தோல் தொழிற்சாலைத் தொட்டியிலும் இறங்குகிறவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளலாம் என்று குறிப்பு இருந்தது. கூட்டத்தில் தோல் தொழிற்சாலையை எட்டிப் பார்த்தவர் யாருமில்லை. நான் ஆம்பூர்க்காரி. சும்மா இருப்பேனா?

"எங்க ஊர்ல தொட்டியில இறங்குறதுக்கு முன்னாடி லாந்தர் விளக்கைக் கயித்துல கட்டி உள்ளே விடுவாங்க சார். அணைஞ்சா யாரும் இறங்க மாட்டாங்க. செலவே கிடையாது."

மேலாளர் ராமமூர்த்திக்கு அது பிடித்துப்போனது. 'செலவில்லாத மாற்று ஏற்கெனவே உள்ளது' என்று என் கையாலேயே எழுதினேன். கருவி பதின்மூன்றாவது இடத்துக்கு இறங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். தலைகால் புரியாமல் ஆல்வின் அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் ஊரிலேயே ஒரு தோல் தொழிற்சாலையில் கழிவுநீர்ப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா பிரிசி, நம்ம லாந்தர் ராக்கெட்டையே ஜெயிச்சிடுச்சா!" என்று விழுந்து விழுந்து சிரித்தது.

இந்த மார்ச்சில் அதே அண்ணன் தொட்டிக்குள் விழுந்து செத்தது.

கயிற்றைப் பிடித்திருந்தவர் ஜான் பாஷா பாய். எங்கள் வீட்டு வாசலில் யார் வந்தாலும் அவர் அதையே சொன்னார். "வெளக்கு நல்லா எரிஞ்சுதும்மா. நானும் பாத்தேன், அவனும் பாத்தான். எரியுது பாய்னு சொல்லிட்டுதான் எறங்கினான். அவன மேல தூக்கும்போதும் எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு."

தோல் கழிவில் ஊறி வரும் வாயு ஆளைக் கொன்றாலும் விளக்கை அணைப்பதில்லை என்று மருத்துவமனையில் டாக்டர் சொன்னார். அந்தக் கருவியின் குறிப்பிலும் இரண்டாம் பக்கத்தில் அது இருந்தது. நான் இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. எனக்குத்தான் ஊரைத் தெரியுமே.

நிதி கிடைத்திருந்தாலும் கருவி அதற்குள் வந்திருக்காது என்று ராமமூர்த்தி போனில் ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷன். பாதியிலேயே போனை வைத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஹெலன் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரலே போயிருந்தது.

"பிரிசி, நீ கவர்மென்டுக்கு எழுதிக் குடுக்கிறவதானே? கேஸ் இருந்தா கத்துற மாதிரி ஒரு மிஷின் பண்ணச் சொல்லி எழுதேன். நெலாவுக்கே போறாங்க, இது அவங்களால முடியாதா?"

"முடியும் அண்ணி."

நான் கொன்றுவிட்டேன் அண்ணி என்று அவள் காலில் விழத் தோன்றியது. விழவில்லை, அழத்தான் முடிந்தது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாத. உங்க அண்ணன் எப்பவும் சொல்வாரு, பிரிசி எழுதினா அங்க நடக்கும்னு."